78: பிரிட்டிஷ் ஆட்டோமேட்டிக் லைசென்ஸோடு இரண்டரை வருடம்

"அண்ணே, வந்து ஏழு மாசமாச்சு. லைசென்ஸை ஆட்டோமேட்டிக்ல எடுக்கவா, மேனுவல்லயா?" என்று போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான். பிராவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்), தியரி, பிராக்டிகல் என்ற வரிசை அவனுக்கு அத்துப்படி. இந்திய லைசென்ஸை பிரிட்டனில் மாற்றித் தர மாட்டார்கள், குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அதை வைத்து ஓட்டலாம் என்பதும் தெரியும். தெரியாதது, லைசென்ஸ் அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஓர் எண்.

என் அட்டையைத் திருப்பினால், கார் படம் போட்ட வரிசையின் கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் 78 என்று இருக்கும். டெஸ்டை ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்ததால், ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்று அர்த்தம்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பத்து வருடம் கியர் வண்டி ஓட்டியவன் நான். இங்கே எனக்குக் கஷ்டம் கொடுத்தது கியர் இல்லை, கண்ணாடி. வேகம் குறைக்கும் முன், திரும்பும் முன், லேன் மாறும் முன் கண்ணாடி பார்க்கிறோமா என்று எக்ஸாமினர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே வருவார். பத்து வருடப் பழக்கத்தை மாற்றுவது சாதாரண வேலையா? கிளட்ச் இல்லாததால் என் கவனம் முழுக்கக் கண்ணாடிக்கும் ரவுண்டபவுட்டுக்கும் போனது. டெஸ்ட் சுமார் 40 நிமிடம். 15 சிறு தவறு வரை விடுவார்கள், பெரிய தவறு ஒன்றுகூட ஆகாது. எனக்கு நாலு, அதில் மூன்று கண்ணாடி. முதல் தடவையே பாஸ். இன்றைக்கும் மாலை நெரிசலில் மாட்டும்போதெல்லாம் என் ஆட்டோமேட்டிக் வண்டியை மனதாரப் பாராட்டுவேன். மின்சார வண்டிகள் பெருகிவரும் காலத்தில் கியருக்கு எத்தனை நாள் ஆயுசு என்ற கேள்வியும் சரிதான்.

தியரி படித்தால் வந்துவிடும். 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோ பகுதியில் 75க்கு 44. அதில் பயந்து சும்மா சும்மா கிளிக் செய்தால் அந்த வீடியோவுக்கு பூஜ்ஜியம் போட்டுவிடுவார்கள். 2014 ஏப்ரல் வரை தியரியைத் தமிழ்க் குரலில் கேட்டே எழுதலாம். அதை நிறுத்தியது எனக்கு இன்னமும் வருத்தம்தான். நன்றாக வண்டி ஓட்டும் என் அக்கா, ஆங்கிலத்துக்குப் பயந்து இன்றுவரை எழுதவில்லை.

சரி, 78க்கு வருகிறேன். வாடகைக்கு எடுக்கப் போனால் ஆட்டோமேட்டிக் குறைவு, வாடகையும் கூடுதல். வீடு மாறியபோது கியர் இல்லாத வேன் கிடைக்காமல் இரண்டு நாள் தள்ளிப்போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரவு பாட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தபோது நண்பருக்கு இடது கணுக்கால் பிசகிவிட்டது. வந்தது அவர் வண்டியில், அது கியர் வண்டி. கிளட்சில் காலை வைத்து அழுத்திப் பார்த்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். சாவியை என்னிடம் நீட்டினார். ஒரு மணி நேர இன்சூரன்ஸை போனிலேயே எடுத்துவிடலாம், ஆனால் என் லைசென்ஸுக்கு அந்த வண்டி ஆகாது. வந்த புதிதில், இந்திய லைசென்ஸ் செல்லுபடியான மாதங்களில், அதே வண்டியை நான் தனியாக எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன்! இந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகு தொட முடியவில்லை. பின் சீட்டில் காலை நீட்டி, ஐஸ் பையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் டாக்ஸிக்குக் காத்திருந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது: மேனுவலில் எடு. மேலே ஆட்டோமேட்டிக்கை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேன், கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஏற்கெனவே கியர் ஓட்டத் தெரிந்தவன் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. உனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை கியர் வண்டியையே ஓட்டு. நாலு வகுப்பு கூடுதலாக ஆனாலும் ஆகட்டும். தியரியை இப்போதே முடித்துவிடு, தேர்ச்சி இரண்டு வருடம் செல்லும். பிராக்டிகலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

என் அட்டையிலிருந்து 78ஐ நீக்க தியரி மறுபடி எழுத வேண்டாம், மேனுவலில் பிராக்டிகல் மட்டும் பாஸ் செய்தால் போதும். பதிவு செய்துவிட்டேன். தேதி நாலு மாதம் கழித்து. கியர் வண்டிக்கு நான் இன்னும் பழகுநர்தான்; கணுக்கால் ஆறிவிட்டதால் ஞாயிறு காலைகளில் நண்பரே பக்கத்தில் உட்காருகிறார், அவர் லைசென்ஸ் எடுத்து, அதற்குத் தேவையான மூன்று வருடத்துக்கு மேலாகிறது. அதே வண்டி, முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டியிருக்கிறோம்.