முள்ளெலிக்கு எது தேவை: கடையில் விற்கும் வீடா, சருகுக் குவியலா, வேலியில் ஒரு பொட்டா (சின்ன ஓட்டையா)?

ஒக்டோபர் பிறந்தால் பிரித்தானியத் தோட்டக் கடைகளில் முள்ளெலி வீடுகள் வாசலுக்கே வந்துவிடும். மரப்பெட்டி, பிரம்பால் பின்னிய குடில், பிளாஸ்டிக் கூடு என்று எல்லா வகையும் இருக்கும். 30 பவுணுக்கும் கிடைக்கும், 100ஐத் தாண்டியும் கிடைக்கும். காசை எடுக்க முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் பின்வளவுக்குள் முள்ளெலி எந்த வழியால் வரும்? ஆறடிப் பலகை வேலி, அதன் அடியில் கொங்கிறீற் பலகை, பக்கவாட்டில் பூட்டிய கதவு என்றால், வாங்கி வைத்த வீட்டில் சிலந்திதான் குடியிருக்கும்.

பிரித்தானியப் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் 2020இல் முள்ளெலி ‘அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்ற வகையில் சேர்க்கப்பட்டது. 2022இல் வந்த நிலையறிக்கை, 2000ஆம் ஆண்டிலிருந்து நாட்டுப்புறங்களில் அதன் தொகை 30 முதல் 75 சதவீதம் வரை சரிந்ததாகச் சொல்கிறது. நகரங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சரிவு நின்று, சில இடங்களில் கூடுவதற்கான அறிகுறியும் தெரிகிறது. அதனால்தான் லண்டனின் ஹரோ, குரொய்டன், இல்பேர்ட் பக்கத்து ஒட்டு வீடுகளின் பின்வளவுகள் இந்தக் கதைக்குள் வருகின்றன. நம்மவர் பலர் குடியிருப்பதும் அங்கேதான்.

வீடா, வழியா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வழிதான். முள்ளெலி ஓர் இரவில் ஒன்று, இரண்டு கிலோமீற்றர் நடக்கும். ஒரே வளவுக்குள் அதற்குத் தீனியும் துணையும் கிடைக்காது. முள்ளெலிகளைக் காக்கும் ‘ஹெட்ஜ்ஹொக் ஸ்ட்ரீட்’ இயக்கம் 2011இல் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருவது, வேலியடியில் 13 சென்ரிமீற்றர் அகலமும் அதே உயரமும் கொண்ட ஓர் ஓட்டை. முள்ளெலி நுழையும்; பெரும்பாலான வளர்ப்பு நாய்களுக்கு அந்த அளவு போதாது. யாழ்ப்பாணத்து வேலியில் பக்கத்து வீட்டுக்குப் போய்வர விடும் பொட்டுத்தான் இது, கொஞ்சம் சின்னதாக.

பலகை வேலி என்றால் ஒரு வாளும் அரை மணி நேரமும் போதும். கொங்கிறீற் அடிப்பலகையை வெட்டப் போகாதீர்கள். அதன் கீழால் மண்ணைத் தோண்டி வாய்க்கால் போல ஒரு வழி விடலாம். வேலியை மாற்றும் எண்ணம் இருந்தால், ஓட்டையோடு வார்த்த அடிப்பலகைகளே விற்பனைக்கு உண்டு. ஆனால் வேலி யாருடையது என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டாரின் வேலியில் கேட்காமல் கைவைத்தால் முள்ளெலியைவிடப் பெரிய பிரச்சினை வரும். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இந்த ஊரில் முள்ளெலியின் பெயரைச் சொன்னால் கடுகடுத்த மனிதரும் கொஞ்சம் இளகுவார்.

மூன்று வகைக் கூடுகள்

வழி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கூட்டுக்கு வருவோம். முள்ளெலி ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை உறங்கும். அந்த நேரம் உடல் வெப்பம் வெளிக் குளிரை ஒட்டி இறங்கிவிடும். நிமிடத்துக்கு 190 அளவில் அடிக்கும் இதயம் 20 அளவுக்கு வந்துவிடும். கூட்டைக் கட்டுவதும் அதுவே. வாயால் சருகுகளைக் கவ்விக்கொண்டு வந்து, முட்பற்றை அல்லது சுள்ளிகளின் அடியில் குவித்து, உள்ளே புகுந்து சுற்றிச் சுற்றித் திரும்பும். அப்படித் திரும்பும்போது சருகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து தடித்த சுவராகும். ஓக், பீச், ஹேசல் போன்ற அகன்ற இலைகள்தான் இதற்குச் சரி. பைன் ஊசியில் அப்படிச் சுவர் எழும்பாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்க வேண்டும்.

கடைவீடுகளில் பிரம்புக் குடில் படத்துக்கு அழகு. பலவற்றில் வாசல் நேரே உறங்கும் இடத்துக்குத் திறக்கிறது; பூனை கையை விட்டால் எட்டும். பிளாஸ்டிக்கில் உள்ளே நீர் வியர்த்துச் சருகு நனையும். உள்தடுப்பு வைத்த கனமான மரப்பெட்டி என்றால் நான் குறை சொல்லமாட்டேன். விலை 60, 70 பவுணைத் தொடும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்யும் பெட்டி அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும். மருந்து பூசாத பலகை, 13 சென்ரிமீற்றர் வாசல், வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே நரியும் பூனையும் எட்டமுடியாதபடி ஒரு தடுப்பு, மழைநீர் வழிய சரிவான கூரை, ஈரம் ஏறாதபடி அடியில் செங்கல். 2017இல் ரெடிங் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஹெட்ஜ்ஹொக் ஸ்ட்ரீட் நடத்திய வீட்டுக் கணக்கெடுப்பில் 5,000க்கும் மேற்பட்டோர் பதில் கொடுத்தார்கள். வாங்கியவற்றைவிட வீட்டில் செய்த பெட்டிகளிலேயே முள்ளெலிகள் கூடுதலாகத் தங்கியது அதில் தெரிந்தது. பின்வளவில் வைத்ததும், பக்கத்தில் தீனி வைத்ததும், பல காலம் அசையாமல் ஒரே இடத்தில் இருந்ததும் சாதகமாக அமைந்தன. முதல் வருடம் வெறுமையாகக் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம் என்பதும் இதிலிருந்து வருகிறது.

வாசலை வடக்கும் வடகிழக்கும் பார்க்க வைக்காதீர்கள். குளிர்காற்று நேரே புகும். அதற்காக வெயில் விழும் மூலையிலும் வைக்கக்கூடாது. ஜனவரியில் ஒரு நாள் வெயில் காய்ந்து பெட்டி சூடானால் முள்ளெலி விழித்துவிடும், விழிப்பு ஒவ்வொன்றும் உடம்புக் கொழுப்பை எரிக்கும். வேலியோரப் பற்றைக்குள் நிழலான இடம் நல்லது. உள்ளே கொஞ்சம் சருகு போட்டு, மிச்சத்தை வெளியே குவித்து விடுங்கள். அது தன் விருப்பப்படி இழுத்துப் போகும். ஆள் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாசலில் ஒரு சின்னச் சுள்ளியைச் சாய்த்து வைத்துவிட்டு, காலையில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, செலவே இல்லாத சுள்ளி, சருகுக் குவியல். என் வாக்கு இதற்குத்தான். முள்ளெலி ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே கூட்டில் கிடப்பதில்லை. இடையில் விழிக்கும், பெரும்பாலும் ஒரு தடவையாவது கூடு மாற்றும். விலைகொடுத்து வாங்கிய ஒரு வீட்டைவிட மூலைக்கு ஒன்றாக மூன்று குவியல்கள் அதற்கு உதவும். அடியில் தடித்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இடைவெளி விட்டு, மேலே சுள்ளி, அதன்மேல் சருகு. வண்டு, மண்புழு, மரவட்டை எல்லாம் அங்கேயே பெருகும்; படுக்கையும் சாப்பாடும் ஒரே இடத்தில். குறை என்னவென்றால், ‘இந்தக் குப்பையை எப்போது எடுக்கப் போகிறாய்?’ என்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் குவியலுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நவம்பர் 5 நெருப்பிரவுக்காகவோ குப்பை எரிக்கவோ முன்கூட்டியே அடுக்கிய விறகுக்குள் முள்ளெலி புகுந்துவிடும். எரிக்கும் அன்றே வேறு இடத்துக்கு மாற்றி அடுக்குங்கள். பசளைக் குவியலுக்கும் இதே கவனம் வேண்டும். ஜனவரியில் முள்ளுக் கரண்டியால் குத்திக் கிளறுவதை விட்டுவிட்டு, ஒக்டோபர் முடிவதற்குள் அல்லது ஏப்ரலில் கிளறலாம்.

சுத்தமான தோட்டமா, விட்டுவைத்த தோட்டமா?

குளிர்காலத் தோட்டம் என்றால் எல்லாவற்றையும் வெட்டி, கொத்தி, கூட்டி, மண்ணைக் கறுப்பாகத் திறந்து போடுவதுதான் பழைய முறை. பார்க்க ஒழுங்காக இருக்கும். மழை பெய்யப் பெய்ய அந்த மண் இறுகும், சத்தும் கழுவுண்டு போகும். சமர்செற்றைச் சேர்ந்த சார்ள்ஸ் டவுடிங் போன்றவர்கள் பரப்பிய கொத்தாத முறையில், பாத்தியின் மேல் பசளையைப் பரப்பி அப்படியே விட்டுவிடுவார்கள். புழுவும் வண்டும் குலையாமல் இருப்பதால் முள்ளெலிக்கு இதுவே வசதி.

விளைச்சல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். உள்ளி ஒக்டோபர், நவம்பரில் ஊன்ற வேண்டியது. கொத்தாத பாத்தியிலும் நன்றாக வரும். ‘அக்குவாடுல்சே குளோடியா’ என்ற பெரிய அவரை நவம்பரில் விதைத்தால் குளிரைத் தாங்கி நின்று அடுத்த கோடை தொடக்கத்தில் காய்க்கும். லீக்ஸும் கேலும் பனியிலும் நிற்கும். வேலியோரம் ஒரு மீற்றர் அகலத்தைச் சருகுக்கும் காய்ந்த தண்டுகளுக்கும் விட்டுவிட்டு, மிச்சத்தில் இவற்றைப் போட்டால் இரண்டும் நடக்கும். முழு வளவையும் காடாக விடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்ன வளவில் அது வீட்டுக்காரரையே தோட்டத்துக்கு வரவிடாமல் செய்துவிடும்.

விட்டுவைக்கவே கூடாதது வலை. கோடையில் பாகலுக்கும் பயற்றைக்கும் பந்தலாகக் கட்டிய நைலோன் வலை ஒக்டோபரில் அறுந்து தரையில் கிடக்கும். முள்ளெலி அதற்குள் தலையை விட்டால் முட்கள் கொளுவி, பின்னால் வரமுடியாமல் இன்னும் முன்னுக்கே போகும். கொடி காய்ந்ததும் சுருட்டிக் கொட்டிலுக்குள் போடுங்கள். புறாவுக்காகக் கேல் மேல் போட்ட வலையை இறுக்கி இழுத்து, தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி விடலாம். புறா கீழால் நடந்து வராதா என்றால், சில நேரம் வரும்.

ஸ்லக் மருந்து

ஸ்லக் என்ற ஓடில்லா நத்தையைக் கொல்லப் போடும் மெற்றல்டிஹைட் குளிகைகளை வெளியில் பயன்படுத்துவது பிரித்தானியாவில் 2022 மார்ச் 31க்குப் பிறகு தடை. கொட்டிலின் மூலையில் பழைய பெட்டி கிடந்தால் உள்ளூராட்சி மன்றத்தின் கழிவு நிலையத்தில் கொடுங்கள். மிச்சம் இருப்பவை இரும்புப் பொஸ்பேற் குளிகையும், தண்ணீரில் கரைத்து ஊற்றும் நுண்புழுக்களும். நுண்புழுவுக்கு மண் வெப்பம் 5 பாகைக்கு மேல் வேண்டும். நடுக்குளிரில் ஊற்றினால் காசு வீண். குளிர்காலத்தில் இரண்டும் தேவையில்லை என்பது என் கருத்து. முள்ளெலியின் முக்கிய தீனி வண்டும் புழுவும் என்பதால், அது வந்தால் ஸ்லக் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் அதிகம்தான்.

தீனியை நிறுத்துவதா, தொடர்வதா?

இதில் ஆளுக்கொரு கருத்து. குளிர்காலத்தில் தீனி வைத்தால் முள்ளெலி உறங்காமல் அலையும் என்பது ஒரு கட்சி. இடையில் விழித்து வருவது பட்டினி கிடக்கும் என்பது மறுகட்சி. நான் இரண்டாவது பக்கம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இறைச்சி சேர்ந்த பூனை அல்லது நாய் உணவு வையுங்கள். உறங்கப் போகும் குட்டி 450 கிராமாவது இருக்க வேண்டும். 600 இருந்தால் கவலையே இல்லை. பல நாள் தொடாமல் கிடந்தால் ஈர உணவை நிறுத்தி, உறையாத பூனை பிஸ்கற்றில் ஒரு பிடி மட்டும் வைக்கலாம். தண்ணீர் வருடம் முழுக்க வேண்டும். பாலும் பாணும் வேண்டவே வேண்டாம். பால் அதற்குச் செரிக்காது. கடையில் விற்கும் காய்ந்த புழுவில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. அதையே தின்றால் எலும்பு நொய்ந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் தள்ளாடியோ வெயில் காய்ந்துகொண்டோ ஒரு முள்ளெலி கிடந்தால் தீனி வைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, உயரமான பெட்டியில் பழைய துவாயோடு வைத்து, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிரித்தானிய முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கத்தையோ உள்ளூர் மீட்பு நிலையத்தையோ அழையுங்கள்.

வாடகை வீடு, பின்னால் வெறும் கல் பாவிய முற்றம், வேலியில் கைவைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றாலும் ஒரு வழி உண்டு. பக்கக் கதவின் அடியில் நாலைந்து அங்குல இடைவெளி இருந்தால் அதுவே வாசல். அடைத்து வைத்த பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்தி, மூலையில் ஒரு சாக்குச் சருகைக் கொட்டி, ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.