ஒரே நிறுவனமா, பல நிறுவனங்களா: புதிய காப்பீட்டு முகவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

செலவு: ஒரே நிறுவனத்தின் முகவருக்குப் பயிற்சியும் விளம்பரமும் பெரும்பாலும் நிறுவனமே தரும். பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் சுயேச்சை முகவர் அலுவலகம், மென்பொருள் என எல்லாவற்றுக்கும் கைப்பணம் போட வேண்டும்.

கமிஷன்: முன்னவருக்குப் பொதுவாகக் குறைவு, பின்னவருக்குக் கூடுதல்.

விற்பனை: பிரீமியம் ஏறியதும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுயேச்சை முகவர் வேறு நிறுவனத்தின் பாலிசியை எடுத்துக் காட்டுவார். ஒரே நிறுவனத்தின் முகவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தத்தில் முதலில் இதைத் தேடிப் படியுங்கள். விலகினால், பழைய பாலிசிகள் புதுப்பிக்கப்படும்போது வரும் கமிஷன் நின்றுவிடுமா? பழைய வாடிக்கையாளரை அணுகத் தடை உண்டா? பலரும் கையெழுத்திட்ட பிறகே கேட்கிறார்கள் என்பது வேதனை.

ஓராண்டுச் செலவுக்குப் பணமும் விற்பனை அனுபவமும் இருந்தால் சுயேச்சை வழி. இல்லையேல் நிறுவனத்தில் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், விலகும் விதிகளைப் படித்துவிட்டு.