ஃப்ரீலான்ஸ் வேலைக்குக் கட்டணம்: மணிக்கணக்கா, மொத்தத் தொகையா?

வேலையின் எல்லை தெளிவாக இல்லையா? மணிக்கணக்குதான் பாதுகாப்பு. பராமரிப்பு, பிழைதிருத்தம் போன்றவை இப்படிப்பட்ட வேலைகள்தான். வாரத்துக்கு 10 மணி என உச்சவரம்பு வைத்தால் கிளையண்ட்டும் பில்லைப் பார்த்துப் பதறமாட்டார். குறை ஒன்றுதான்: கை வேகமாக ஆக, வருமானம் சுருங்கும்.

மொத்தத் தொகையில் வேகத்தின் லாபம் உங்களுக்கே. வினை வருவது ‘சின்ன மாற்றம்தான்’ என்ற மெசேஜில். லோகோ என்றால் 3 மாதிரி, 2 முறை திருத்தம், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். 20 மணி ஆகும் என்று தோன்றினால் 26 மணிக்கு விலை சொல்லுங்கள். மெயிலும் மீட்டிங்கும் தின்னும் நேரத்தைப் பலர் சேர்ப்பதே இல்லை. முன்பணம் 50%; மூலக் கோப்புகள் (திருத்தக்கூடிய அசல் ஃபைல்கள்) மீதிப் பணம் வந்த பிறகுதான். பேரம் பேசினால் விலையைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள்.

புது கிளையண்ட்டா? முதல் பகுதியை மணிக்கணக்கில் முடித்து, பிறகு மொத்தத் தொகைக்கு மாறலாம்.