மாருதி 800-க்கு மலையில் இன்ஜின் வேலை: கட்டுவதா, மாற்றுவதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800 கார்களுக்கு வரும் வியாதி ஏறக்குறைய ஒன்றேதான். பாடி நன்றாக இருக்கும். ஆனால் ஏற்றத்தில் இரண்டாவது கியர் இழுக்காது, ஆயில் குறைந்துகொண்டே போகும், இறக்கத்தில் கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவும். 2014 ஜனவரியோடு இந்தக் காரின் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் குறுகலான எஸ்டேட் பாதையில் திருப்ப இதைவிடச் சுலபமான கார் அதிகம் இல்லை என்பதால், விற்க மனம் வராதவர்கள் வீட்டு முற்றத்திலேயே இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இறக்கத் துணிகிறார்கள்.

அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. காரில் இருக்கும் இன்ஜினையே பிரித்து, சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் போட்டு, கட்டலாம். கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ உடைத்த வண்டியின் இன்ஜினை வாங்கி ஏற்றலாம். அல்லது வேறு மாடல் இன்ஜினைப் பொருத்தலாம். கியர் பாக்ஸுக்கும் இதே கேள்விதான், ஆனால் பதில் வேறு. இன்ஜினைக் கட்டுங்கள், கியர் பாக்ஸை மாற்றுங்கள் என்பதே நாங்கள் சொல்வது.

முதலில் நோய் எது என்று தெரியட்டும்

மலையில் இருப்பதில் ஒரு வசதி, சாலையே சோதனைக்கூடம். குன்னூரிலிருந்து பர்லியாறு வரை ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரிலேயே இறங்குங்கள். சமதளம் வந்ததும் அழுத்தி மிதிக்கும்போது ஒரு குபுக் நீலப் புகை வந்து உடனே அடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் வால்வ் சீல்தான். ஆக்ஸிலேட்டர் மூடியபடி இறங்கும்போது சிலிண்டருக்குள் உருவாகும் வெற்றிடம், தேய்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும். மாறாக, திரும்பி ஏறும்போது வழிநெடுகப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது. முதல் வகைக்கு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். அதற்குப் போய் முழு இன்ஜினையும் இறக்குவது வீண் செலவு.

அடுத்து, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் 170 பி.எஸ்.ஐ. காட்டும் அதே நல்ல இன்ஜின் ஊட்டியில் 136-தான் காட்டும். புத்தக அளவை அப்படியே வைத்துப் பார்த்தால் மலையில் இருக்கும் எல்லா இன்ஜினும் செத்ததாகத் தெரியும். எண்ணைவிட மூன்று சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் கோளாறு நிச்சயம். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடி ஸ்டார்ட் அடித்து அளங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

கட்டுவது

800-இன் போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 796 சி.சி. பிஸ்டன் 0.25, 0.50 ஓவர்சைஸ்களில் கிடைக்கும். அதாவது இரண்டு முறை போர் போடலாம். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்க வேண்டும். பிஸ்டனை வாங்கி லேத்தில் கொடுத்த பிறகு அந்தந்த பிஸ்டனை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போரை முதலில் முடித்துவிட்டு பிஸ்டனைத் தேடுவது தலைகீழ் வேலை.

வீட்டில் முடிவது கழற்றுவது, அளப்பது, பூட்டுவது. லேத்துக்குப் போக வேண்டியது பிளாக், கிராங்க், ஹெட், ஃப்ளைவீல் நான்கும். ஃப்ளைவீலை யாரும் நினைப்பதில்லை. மேட்டில் நிறுத்தி நிறுத்தி எடுத்த வண்டியின் ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருக்கும். அந்த இடம் சூட்டில் இறுகிப்போனது. முகம் சீவாமல் புது கிளட்ச் பிளேட் போட்டால் முதல் கியரில் வண்டி உதறும்.

ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு உள்ளே போனால் சீவ வேண்டும். மலை வண்டிகளில் ஹெட் வளைவது அதிகம். காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் மூடிதான். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்கும்வரை கவலையில்லை. அதன் ரப்பர் காய்ந்துவிட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் இடையில் கையளவு இடம்கூட இல்லை. இன்ஜின் கட்டும்போது புது மூடி போடாதவர்கள் இரண்டாம் முறையும் ஹெட் சீவப் போவார்கள்.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளங்கள். போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு 3 முதல் 4 பங்கு, அதாவது 0.20 முதல் 0.27 மி.மீ. வரை இருந்தால் சரி. இடைவெளியே இல்லாத ரிங், சூட்டில் விரிந்து போரைக் கீறிவிடும்.

மழைக்காலத்தில் இந்த வேலையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோனிங் செய்த (உள்சுவரில் நுண்கோடுகள் விழத் தேய்த்த) போர் வெள்ளி போலப் பளபளத்து வரும். மேட்டுப்பாளையத்தில் இரண்டு நாள் வைத்தாலும் அப்படியே இருக்கும் அந்த முகம், குன்னூர் மூடுபனியில் ஒரே இரவில் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். விரலால் தேய்த்தால் போய்விடும்தான், ஆனால் அந்தத் துரு ஹோனிங் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். லேத்திலிருந்து வந்த அன்றே சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, துடைத்து, ஆயில் தடவி, பாலித்தீனில் கட்டிவிடுங்கள். சோப்புதான் முக்கியம். பெட்ரோல் மட்டும் ஊற்றினால் ஹோனிங் துகள் நீங்காது, வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பு வரும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை கழுவ வேண்டும்.

லேத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று நான்கு வாரங்கள் போகும். பதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு திருகு வரை உங்களுக்குத் தெரியும். இன்ஜின் நம்பர் பிளாக்கிலேயே இருப்பதால் ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை.

பழைய இன்ஜின் வாங்குவது

இதன் பலம் வேகம். ஆள் துணையோடு இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிடலாம். பிளாக் வெடித்திருந்தாலோ கிராங்க் உடைந்திருந்தாலோ இதுதான் ஒரே வழி. ஆனால் வாங்குவது இன்னொருவர் கழித்த இன்ஜின், அது ஏன் கழிக்கப்பட்டது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

கடையில் பார்க்க வேண்டியவை: பிளக் கழற்றிக் கையால் கிராங்கைச் சுற்றும்போது இரண்டு முழுச் சுற்றும் ஒரே இறுக்கமாக வர வேண்டும். கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. ஆயில் மூடியின் அடியில் பாலாடை போல இருந்தால் விட்டுவிடுங்கள். ஊட்டியில் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் நல்ல இன்ஜினிலும் குளிரில் ஈரம் கோர்த்து அப்படி வரும். சமவெளி வண்டியின் இன்ஜினில் அப்படி வர நியாயமில்லை, தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம் என்பதால், பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) டார்ச் அடித்து வண்டல் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

பெரிய சங்கடம் காகிதத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இன்ஜின் நம்பர் எழுதிய பில்லும், அது வந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கான ஆவணமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டியை எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்று) கொண்டுபோய் நிறுத்தும் நாளில் நம்பர் பொருந்தாவிட்டால் முழு வண்டியும் முற்றத்தில்தான் நிற்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல்.

இன்னொன்று, கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டும். சமவெளி இன்ஜினை அதன் கார்புரேட்டரோடு ஏற்றினால், சமவெளிக்கு அளவெடுத்த ஜெட்டும் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) கூடவே வரும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கலவை 10 முதல் 12 சதவீதம் பெட்ரோல் கூடுதலாகிவிடும். பிளக் கரி பிடிக்கும். அதைவிட மோசம், எரியாத பெட்ரோல் போர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். மலையில் ரிங் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டிய இன்ஜினானாலும் வாங்கிய இன்ஜினானாலும் சின்ன மெயின் ஜெட் போடுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, சென்சாரே காற்றழுத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வேறு மாடல் இன்ஜின் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரேக்கும் 800-க்கு அளவானதுதான். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கூடுதல் எடையை இறக்கிப் பார்க்கும் விஷயமில்லை இது.

கியர் பாக்ஸ்: இங்கே கணக்கு மாறும்

கியர் பாக்ஸில் ஆர்.சி.க்கு வேண்டிய நம்பர் எதுவும் இல்லை, அதே மாடலுக்குப் பழையதை வாங்கிப் போடலாம். பிரித்துக் கட்டுவதற்கு பிரஸ், புல்லர், சரியான ஷிம் எல்லாம் வேண்டும். முற்றத்தில் சுத்தியலால் பேரிங் அடித்து இறக்கியவர்கள் கட்டிய பாக்ஸ் முனகிக்கொண்டே ஓடும்.

சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். நியூட்ரலில் கிளட்சை விட்டால் முனகி, மிதித்தால் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கத்தினால் அது ரிலீஸ் பேரிங், பாக்ஸில் குறை இல்லை. எல்லா கியரிலும் வண்டி வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை டிஃபரன்ஷியல் பக்கம். இறக்கத்தில் கியர் நழுவுவதை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் பிரேக் போய்விட்டால் மொத்தப் பாரமும் கால் பிரேக் மேல் விழும், அது சூடேறிய பின் பெடல் பேசாது.

பழைய பாக்ஸ் வாங்கும்போது உங்கள் கிளட்ச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் ஷாஃப்டின் பல் வரியில் (ஸ்ப்லைன்) நுழைத்துப் பாருங்கள். டிரெயின் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் கஞ்சி போன்ற தூள் சகஜம், ஆனால் துண்டாக உலோகம் வந்தால் வேண்டாம். ஆயில் ஜி.எல்.4 தரம் போதும். ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும்.

இறக்கும்போதும் ஏற்றும்போதும்

ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு முக்காலியும் வாடகைக்கு எடுங்கள். வேலிக்கு நிற்கும் சில்வர் ஓக் கிளையில் மாட்டாதீர்கள், அது சொல்லாமல் முறியும் மரம். முற்றம் சரிவாக இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

சைலன்சர் ஸ்டட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கியர் ஆயிலை வடித்த பிறகே ஆக்ஸிலை இழுங்கள். ஏற்றும்போது ஆக்ஸில் ஸ்ப்லைன் ஆயில் சீலின் உதட்டைக் கிழிக்கும் என்பதால் சீலில் கிரீஸ் தடவி, நேராக நுழைக்க வேண்டும். பாக்ஸ் இன்ஜினோடு கையாலேயே முகம் சேர வேண்டும். சேரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை. போல்ட்டை முறுக்கி இழுத்தால் பெல் ஹவுசிங் காது உடையும்.

எல்லாம் பூட்டிய பின் அதிகம் மறக்கப்படுவது இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை. அதில்லாமல் ஸ்டார்ட் அடித்தால் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி, உறை உருகி, உள்ளே ஒட்டிக்கொள்ளும். புது கேபிள் இறுகுகிறதே என்று குழம்புபவர்கள் முதலில் பட்டையைப் பார்க்கட்டும்.

பிளக் வயர் வரிசை 1-3-2. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காயில் வயரைக் கழற்றி, ஆயில் லைட் அணையும்வரை சுற்றுங்கள். தண்ணீர் ஊற்றும்போது முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் காற்று தானாக வெளியேறும். கியர் ஆயில் அளவுக்கு மட்டும் சமதளம் தேடுங்கள், சரிவில் ஃபில்லர் ஓட்டை பொய் சொல்லும்.

கட்டிய இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்காக விடக் கூடாது, ரிங் போரோடு சேராது. குன்னூர்–கோத்தகிரி சாலைபோல ஏறியும் இறங்கியும் போகும் பாதையில் பாதி ஆக்ஸிலேட்டரில் ஓட்டுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நிற்காமல் ஏறும் நீண்ட ஏற்றம் முதல் 500 கிலோமீட்டருக்கு வேண்டாம். 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் ஜெட் சரி. இன்னும் கரி இருந்தால் ஒரு அளவு குறையுங்கள்.