போர்டிங்கில் செம்பி: பல வருட அனுபவத்தில் எது உதவியது, எது உதவவில்லை

நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் என் நாய் செம்பியை விட ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு வயதுதான் தாண்டியிருந்தது. இப்போது முகமெல்லாம் நரைத்துவிட்டது. இத்தனை வருடங்களில் அவளுக்காக வாங்கியவை, பழக்கியவை, போட்ட ஊசிகள் எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது எது என்று கேட்டால், நான் பக்கத்தில் இல்லாத நேரத்தை அவளுக்குச் சிறுகச் சிறுகப் பழக்கியதைத்தான் சொல்வேன். அதற்குக் காசு செலவில்லை, ஆனால் பல வாரப் பொறுமை வேண்டும்.

வீட்டில் அவளுக்கென்று ஒரு பாய் உண்டு. முதலில் அதில் படுத்தாலே ஏதாவது தின்னக் கிடைத்தது. அப்புறம் அவள் பாயில் இருக்க, நான் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பினேன். பிறகு கதவைச் சாத்தினேன், பிறகு வாசலைத் தாண்டினேன். ஒரு நிமிடம் ஐந்தாகி, ஐந்து அரை மணியானது. நேரத்தை எப்போது கூட்டலாம் என்பதற்கு நான் நம்பும் அளவுகோல் தீனிதான். வழக்கமாக ஆவலோடு தின்கிற நாய், நாம் கதவைத் தாண்டியதும் பிடித்த தீனியைக்கூடத் தொடாமல் இருந்தால், அது பதற்றத்தில் இருக்கிறது. விடாமல் ஊளையிடுவது, எச்சில் ஒழுகுவது, கதவைப் பிறாண்டுவது என்று போனால், போர்டிங் தேதியைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அப்படிப்பட்ட நாயைப் புது இடத்தில் விட்டால் அந்தப் பயம் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் பழகிய பிறகு அதே பாயோடு போர்டிங் இடத்துக்குப் போனோம். முதலில் அரை நாள், அப்புறம் ஒரு முழுப் பகல், அதன் பிறகு ஓர் இரவு. வீடற்ற நாய்களுக்கான காப்பகத்தில் வந்து சேர்ந்த நாய்களின் ரத்தத்தில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவை அளந்து 1997-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் 3 நாட்களில் இருந்த நாய்களிடம் அது அதிகமாக இருந்தது. வெகுநாள் தங்கிய நாய்களிடம் குறைவு. காப்பகம் வேறு, போர்டிங் வேறு என்றாலும், ஆரம்ப நாட்கள்தான் கடினம் என்பதை செம்பியிடமும் பார்த்தேன். முன்னோட்டம் பார்க்காமல் நேராக ஒரு வாரத்துக்கு விட்டால், அந்தக் கடினமான நாட்கள் முழுவதையும் நாம் ஊரில் இல்லாதபோது நாய் கடக்க வேண்டியிருக்கும். முன்னோட்டம் பார்த்திருந்தால் அந்த இடத்தின் வாசனை, ஆட்கள், இரவுச் சத்தம் எல்லாம் ஓரளவு தெரிந்தவையாகிவிடுகின்றன. நீண்ட இடைவெளி விட்டுப் போகும்போது இன்றும் முன்னதாக ஒரு பகல் கூட்டிப்போகிறேன்.

வாசனை என்றதும் தலையணை உறையைச் சொல்ல வேண்டும். நான் சில இரவுகள் பயன்படுத்திய உறையைத் துவைக்காமல் அவள் பாயோடு வைத்து அனுப்புகிறேன். நரம்பியல் ஆய்வாளர் கிரிகரி பெர்ன்ஸ் குழுவினர் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பலவித வாசனைகளை முகரவைத்தார்கள். மூளையில் நல்லதை எதிர்பார்க்கும்போது தூண்டப்படும் காடேட் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மிக அதிகமாக வேலை செய்தது. அந்த மனிதர் அங்கே இல்லாதபோதே இப்படி. செம்பி உறைமேல் முகத்தை வைத்துத் தூங்கும் படங்களை ஊழியர்கள் அனுப்பும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். நனையலாம், தொலையலாம் என்பதால் பழைய உறையே நல்லது. துணியைக் கடித்து விழுங்கும் நாய்க்கு இது வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. வீட்டில் சாப்பிடுவதையே, வேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து, தேதி எழுதி அனுப்புகிறேன். பெரிய டப்பாவாகக் கொடுத்தால், காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஆள் மாற மாற அளவும் மாறும். பொட்டலம் மீதி வந்தால் எந்த வேளை சாப்பிடவில்லை என்பதும் தெரிந்துவிடும். உணவை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரமாவது கலந்து கலந்து மாற்ற வேண்டும். பதற்றத்திலேயே நாய்க்கு வயிறு இளகும்; அந்த நேரத்தில் உணவும் மாறினால் எதனால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

தடுப்பூசியில் நாள் கணக்கு முக்கியம். ரேபிஸ் (வெறிநோய்), டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் நடப்பில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாய்கள் கூடும் இடத்தில் பரவும் தொற்று இருமலான கென்னல் காஃப் வராமலிருக்க, அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான போர்டெடெல்லாவுக்கான தடுப்பு மருந்தை மூக்கில் விட்டால், பாதுகாப்பு உருவாகக் குறைந்தது 3 நாட்களாவது ஆகும். ஊசியாக முதல் முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் 2 தவணை தேவை. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஓடிப்போய்ப் போடுவதில் ஊசிப் புத்தகத்தில் முத்திரை விழுமே தவிர நாய்க்குப் பயனில்லை. உண்ணி மருந்தும் அதே கணக்கில் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு முறை, ஊசி கட்டாயம் என்று போனில் சொன்ன ஓர் இடத்தில், நேரில் போனபோது யாரும் புத்தகத்தைக் கேட்கவேயில்லை. வீட்டுக்கு வந்த சில நாட்களில் செம்பிக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல வறட்டு இருமல். தொற்று ஏறிய 2 முதல் 14 நாட்களுக்குள் கென்னல் காஃப் வெளியே தெரியும் என்றார் மருத்துவர். பலவகைக் கிருமிகளால் வருவது என்பதால் ஊசி முழுதாகத் தடுக்காது, ஆனால் தீவிரத்தைக் குறைக்கும். அவள் ஊசி போட்டிருந்ததால் சீக்கிரம் தேறினாள். பக்கத்துக் கூண்டில் ஊசி முடியாத குட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அன்றிலிருந்து, என் நாயின் ஊசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காத இடத்தில் நான் விடுவதில்லை. என்னிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, இரவில் அங்கே ஆள் தங்குகிறாரா என்பதுதான். அப்புறம், நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்வேன். காட்டத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம். வாசலில் இரட்டைக் கதவு இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, சின்ன நாய்களையும் பெரிய நாய்களையும் ஒன்றாக அவிழ்த்துவிடுகிறார்களா என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் போன் நம்பர் பழையதாக இருந்தால் சிப்பால் பலனில்லை, எனவே போகும் முன் சரிபார்க்கிறேன். அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பும் கொடுக்கிறேன்: இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாள், சாப்பிடும்போது தொட்டால் பிடிக்காது, உட்காரச் சொல்ல நாங்கள் சொல்லும் வார்த்தை இது, நான் போனை எடுக்காவிட்டால் யாரை அழைக்க வேண்டும், அவசரமென்றால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோகலாம். கடைசி இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது.

பதற்றம் குறைக்கும் காலர் ஒன்றையும் சில காலம் பயன்படுத்தினோம். செம்பியிடம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், முதல் வேளையை வீட்டில் நம் கண் முன்னால் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். பொம்மைகள் அனுப்புவதும் தேவையில்லை. பல நாய்கள் இருக்கும் இடத்தில் பொம்மைதான் சண்டைக்குக் காரணமாகும்.

விடும் நாளில் நல்ல நடை, லேசான சாப்பாடு, வாசலில் லீஷைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புவது. அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் அவள் நாள் முழுக்கத் தூங்குவாள். தண்ணீரை மடமடவென்று குடிப்பாள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறேன். ஓரிரு நாள் வயிறு இளகினால் பதறுவதில்லை. ரத்தம் கலந்து போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போகிறோம். இருமல் வருகிறதா என்று பார்க்க 2 வாரம் மற்ற நாய்களோடு விளையாட விடுவதில்லை.

இப்போது வயதாகிவிட்டதால் அவளுக்கு மூட்டு வலி மாத்திரை தினமும் உண்டு. வழுக்காத விரிப்பு ஒன்றும் பையில் சேர்ந்திருக்கிறது. மாத்திரையை உணவுக்குள் ஒளித்துக் கொடுத்தாலும் சில நேரம் துப்பிவிடுவாள். அதனால் முன்னோட்டப் பகலன்று, அவளைக் கவனிக்கப்போகிறவரே என் முன்னால் ஒரு வேளை கொடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.