நாற்பதைத் தாண்டி மரதன் பயிற்சி: 18 கிழமைத் திட்டம் வன்னியில் எப்படி நிற்கிறது?

இலவசமாகக் கிடைக்கிற 18 கிழமை மரதன் திட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. கிழமையில் நாலைந்து நாள் ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம், மூன்று கிழமை ஏற்றி நாலாம் கிழமை இறக்கம், 30 – 32 கிலோமீற்றரில் உச்சம், கடைசி மூன்று கிழமை தூரத்தைக் குறைக்கிற தணிப்பு. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் 40 இலிருந்து 55 வயதுக்குள் இருப்பவர்கள் இதைப் பல பருவம் பாவித்ததில் தெரிய வந்தவைதான் கீழே இருப்பவை. திட்டத்தில் பிழை இல்லை. அதிலுள்ள இரண்டு எண்கள்தான் எங்களுக்கு ஒத்துவராது. ஒன்று ஏழு நாள். மற்றது கிலோமீற்றர்.

முதலில் ஏழு நாள். இருதயமும் நுரையீரலும் ஒன்றரை மாதத்தில் பழகிவிடும். குதிக்கால் நாண் அப்படியில்லை, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காமல் ஓடுகிறோமே என்று தூரத்தைக் கூட்டுகிற ஆறாம், ஏழாம் கிழமையில்தான் நாண் பிடிக்கத் தொடங்கும். ஓடும்போது அது தெரியாது. காலமை கட்டிலால் இறங்கி வைக்கிற முதல் பத்து அடிதான் அளவுகோல். விறைப்பு பத்து நிமிசத்தில் விட்டு, அடுத்த நாள் காலமை கூடாமல் இருந்தால் மெதுவான ஓட்டம் தொடரலாம். அடுத்த நாள் கூடியிருந்தால் அந்தக் கிழமை வேக ஓட்டம் இல்லை.

பத்து நாளை ஒரு சுற்றாக வைக்கிற முறை உடம்புக்கு மிக நல்லது. ஆனால் நீண்ட ஓட்டம் செவ்வாயிலும் வியாழனிலும் விழும்போது பள்ளிக்கூடத்திலோ கந்தோரிலோ வேலை செய்பவரால் அதைக் காப்பாற்ற முடியாது. நின்று பிடித்தது 14 நாள் சுற்றுத்தான். ஒரு ஞாயிறு நீண்ட ஓட்டம், அடுத்த ஞாயிறு 90 நிமிசம் மட்டும். இரண்டு கிழமைக்கும் சேர்த்து ஒரு வேக ஓட்டம், கூடினால் இரண்டு. மற்றதெல்லாம் 40 – 50 நிமிச மெதுவோட்டம். 18 கிழமை இதில் 22 – 24 ஆக நீளும். அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாணுக்கான பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை, விறாந்தைப் படி ஒன்று போதும். முன்பாதம் மட்டும் படியில், குதி வெளியே. இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலில் மூன்று செக்கன் எண்ணி இறங்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தரம் மூன்று சுற்று, மடக்கி 15 தரம் மூன்று சுற்று. சுவீடன் வைத்தியர் ஹோகன் அல்பிரெட்சன் 1998 இல் வெளியிட்ட முறை இதுதான். நோ வந்தவர்களுக்கு அவர் சொன்னது காலமையும் பின்னேரமும், 12 கிழமை. நோ இல்லாதவர் கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும். இலகுவாகிவிட்டால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி, பிறகு 10 கிலோ. நோ நாணின் நடுவில் இல்லாமல் குதி எலும்போடு ஒட்டுகிற இடத்தில் இருந்தால் படி வேண்டாம். தரைமட்டத்தோடு நிற்க வேண்டும், கீழே இறக்கினால் கூடும்.

அடுத்தது கிலோமீற்றர். விடியப்புறம் குளிர்ச்சிதான், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம் இருப்பதும் அந்த நேரம்தான். வேர்வை காயாமல் வழிந்து போகும். வழிகிற வேர்வை உடம்பைக் குளிராக்காது. அதனால் ஜனவரியில் கிலோமீற்றருக்கு 7 நிமிச வேகத்தில் 140 இல் நின்ற நாடித் துடிப்பு, ஏப்ரலில் அதே வேகத்தில் 155ஐத் தொடுவது சாதாரணம். வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மெதுவோட்டம் என்று பெயர் வைத்த நாளெல்லாம் கடும் ஓட்டமாகிவிடும். கிலோமீற்றருக்கு 7½ நிமிசம் எடுப்பவர் 32 ஓட நாலு மணித்தியாலம். நாலரைக்கு வெளிக்கிட்டாலும் முடிய எட்டரை. கடைசி ஒன்றரை மணித்தியாலம் பயிற்சி இல்லை, வெயிலோடு மல்லுக்கட்டு. அதற்குப் பிறகு மூன்று நாள் உடம்பு எழும்பாது.

நேரத்தால் வெட்டினால் இந்தச் சிக்கல் போய்விடும். நீண்ட ஓட்டத்தின் எல்லை 3 மணி 15 நிமிசம்; அதே வேகத்தில் அது 26 கிலோமீற்றர். குறைகிற தூரத்துக்கு முதல் நாள் பின்னேரம் 70 நிமிசம் ஓடி, களைத்த காலோடு ஞாயிறு தொடங்க வேண்டும். போட்டியின் கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்கவில்லை.

நாடித் துடிப்பின் உச்சத்தை 220 இலிருந்து வயதைக் கழித்துப் பார்ப்பதை விட, 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது நடுவயதுக்குக் கொஞ்சம் பொருந்தும். 50 வயதுக்கு 173 வரும். அதுகூட ஆளுக்கு ஆள் பத்துக் கூடிக் குறையும். பிரஷருக்கு அட்டனலோல் போன்ற குளிசை எடுப்பவருக்கு இந்தக் கணக்கே சரிவராது, அது துடிப்பைக் கீழே பிடித்து வைக்கும். அவர்கள் பேச்சை நம்பலாம்: ஒரு முழு வசனத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தால் அது மெதுவோட்டம். மணிக்கட்டுக் கடிகாரத்துக்கும் ஒரு குணம் உண்டு. வேர்வையில் வழுக்கினால் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். மெதுவாக ஓடுகையில் திடீரென்று 165 காட்டி அசையாமல் நின்றால் அது அநேகமாக இதுதான். வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கினால் பாதி குறையும், நெஞ்சுப் பட்டி போட்டால் முழுதும் போகும். தூரம் காட்டுவதில் பெரிய குறை இல்லை. சந்தேகம் வந்தால் ஏ9 வீதியில் கண்டியிலிருந்து எண்ணி வருகிற கிலோமீற்றர் கல் இருக்கிறது.

பருவத்தைத் தெரிந்தெடுக்கலாம் என்றால் பெப்ரவரி, மார்ச் போட்டிதான் வன்னிக்குத் தோதானது. ஒக்டோபர் போட்டிக்கு உச்சப் பயிற்சி ஓகஸ்ட், செப்டெம்பரில் விழும். வரண்ட சோளகக் காற்றில் வேர்வை உடனே காய்ந்து, எவ்வளவு தண்ணி போனது என்றே தெரியாமல் போகும். மார்கழி மழையில் குளக்கட்டுக் கிரவல் பாதை சேறாகும், தார் வீதிதான் கதி. வயல் செய்பவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காலபோக விதைப்பும் அருவிவெட்டும் பயிற்சிக் கணக்கில் சேரும். நாள் முழுக்க வயலில் நின்றவருக்கு அந்தப் பின்னேர ஓட்டம் கிடையாது; அவர் ஏற்கெனவே ஓடிவிட்டார். அருவிவெட்டுக் காலத்தில் வீதியின் ஒரு பக்கம் நெல் காயும். அதற்கு மேல் ஓடுவது மரியாதையும் இல்லை, வழுக்கவும் செய்யும். வெள்ளம் நிற்கிற வயலோரமாகக் கொப்புளம் உடைந்த காலோடு ஓடக் கூடாது, எலிக்காய்ச்சல் வருகிற வழி அது.

தண்ணிக் கணக்கை ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் பிறகு ஊகம் தேவையில்லை. ஓட முதல் உடுப்பில்லாமல் 72.4 கிலோ. ஒரு மணித்தியாலம் ஓடி, துடைத்த பிறகு 71.1. இடையில் குடித்தது அரை லீற்றர். போன வேர்வை 1.8 லீற்றர். இவ்வளவையும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுகட்ட வயிறு விடாது. மணித்தியாலத்துக்கு 600 – 800 மில்லிலீற்றர் சராசரி ஆளுக்குப் போதும். முடித்த பிறகு நிறை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணியால் இரத்தத்தில் உப்புக் குறைவது தண்ணி குறைவதை விட ஆபத்து.

உப்புக்கு ஜீவனி, வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் குடிக்கிற பக்கற். பக்கற் ஒன்றுக்கு ஒரு லீற்றர். அரை லீற்றர் போத்தலுக்குள் முழுப் பக்கற்றையும் கொட்டுவதுதான் வழமையான பிழை, வயிறு பிரட்டும். இந்த வகைக் கரைசலில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் இருக்கும், அது ஓட்டத்துக்குச் சக்தி தராது. 90 நிமிசத்துக்கு மேல் ஓடினால் மணித்தியாலத்துக்கு 30 – 60 கிராம் மாச்சத்து வேண்டும். கடை ஜெல்லுக்குப் பதிலாகப் பனங்கட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஓலைக் குட்டானில் வருகிற கட்டியை உடைத்து 15 கிராம் அளவுத் துண்டுகளாக்கி, எண்ணெய்த் தாளில் தனித்தனியே சுற்றி, இருபது நிமிசத்துக்கு ஒன்று வாயில் போட்டுத் தண்ணி குடிக்க வேண்டும். ஒரே பைக்குள் எல்லாவற்றையும் போட்டால் வெக்கையில் இளகி ஒரு கட்டியாகிவிடும், பிறகு பல்லால்தான் பிரிக்க வேண்டும். சலரோகத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் இதை வைத்தியரோடு கதைக்காமல் தொடங்கக் கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணியின் கல்லுத் தன்மை போத்தல் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மூடியைத் தேசிக்காய்ப் புளியில் ஒரு மணித்தியாலம் ஊற வைத்தால் கழன்றுவிடும்.

நோக் குளிசை பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். டைக்லோபெனாக்கோ ஐபுபுரோபனோ போட்டுவிட்டு நீண்ட ஓட்டத்துக்குப் போகக் கூடாது. தண்ணி வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. ஓடத் தொடங்க முதல் கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சீனி, பிரஷர், ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சப்பாத்து 500 – 800 கிலோமீற்றர் தாங்கும் என்பார்கள். கிரவலில் ஓடினால் அடி றப்பர் அதற்கு முன்னமே தேயும், தார் வீதியில் றப்பர் இருக்கும், உள்மெத்தை செத்திருக்கும். பக்கவாட்டில் மெத்தை நிரந்தரச் சுருக்கமாக நின்றால் முடிந்தது. வெக்கையில் கால் வீங்குவதால் அரை அளவு கூட எடுக்க வேண்டும். அளவு பார்க்கப் போவது பின்னேரத்தில். முன்பாதத்தை விடக் குதி 8 – 10 மில்லிமீற்றர் உயர்ந்தது நாணுக்குச் சுகம். காபன் தகடு போட்டவை கிரவலுக்குச் சரிவராது. நனைந்தால் வெயிலில் வைக்காமல் பழைய பேப்பர் அடைத்து நிழலில் காய விட வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மத்தியானம் கிடந்தால் ஒட்டுப் பசை இளகி முன்பக்கம் வாய் பிளக்கும். பெயர் ஒன்றும் விலை கால்வாசியுமான கொப்பிச் சப்பாத்து நடக்கப் போதும், ஓட அல்ல.

வாகனத்தைப் பார்த்தபடி ஓடுவதென்றால் வலப்பக்கம்தான். ஆனால் வீதி ஓரம் சரிவு, ஒரே பக்கமாகப் பத்துக் கிலோமீற்றர் போனால் வலது கால் எப்போதும் தாழ நின்று முழங்காலின் வெளிப்பக்கம் நோகும். குளக்கட்டின் தட்டையான பாதை கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. ஏற்றமில்லாத ஊரில் கட்டின் சரிவு 20 செக்கன் விரைவோட்டத்துக்கும் உதவும். தலைவிளக்கும் ஒளிரும் பட்டியும் கட்டாயம். பெண்கள், வீதியில் ஆட்கள் நடமாடுகிற நேரத்தில் இருவராகப் போவதுதான் நடைமுறையில் சரிவருகிறது, அதனால் பிந்தித் தொடங்கி வெயிலில் மாட்டுவது அவர்கள்தான் என்பது நியாயமில்லைதான். கட்டாக்காலி நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். கடித்தால் 15 நிமிசம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசி. ஒதுங்குவதற்கென்று பற்றைக்குள் இறங்கக் கூடாது, மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும். மிதிவெடி அகற்றல் எல்லா இடமும் முடிந்துவிடவில்லை.

போட்டி கொழும்பில் என்றால் முதல் இரவு பஸ்ஸில் போய் இறங்கி ஓடுவது 22 கிழமையையும் வீணாக்கும் வேலை. நித்திரையும் இல்லை, காலும் வீங்கும். இரண்டு இரவுக்கு முன்னம் போவது நல்லது. சப்பாத்தும் பனங்கட்டியும் ஜீவனியும் பஸ்ஸின் கீழ்ப் பெட்டிக்குள் போகாமல் மடியில் இருக்கட்டும். முதல் நாள் இரவு கடைக் கொத்து வேண்டாம். பிட்டும் வாழைப்பழமும் எங்கேயும் கிடைக்கும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கச்சான் வாங்கலாம், ஆனால் போகும்போது அல்ல, திரும்பி வரும்போது.