பள்ளிக் கட்டண ரசீதும் வருமான வரியும்: ஒரு தாக்கல் சேவை பற்றிய மதிப்பீடு

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்பது மாதச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரசீதில் உள்ள எந்தத் தொகைக்கு, யாருடைய கணக்கில், எந்த வரி முறையில் என்று கேட்டால் அலுவலகத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். 2024-25 நிதியாண்டுக்கான என் கணக்கை திருச்சியில் உள்ள ஒரு சிறிய வரி ஆலோசனை அலுவலகத்தின் வழியாகத் தாக்கல் செய்தேன். பள்ளிக் கட்டணத்தை அவர்கள் கையாண்ட விதத்தை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

அவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது, 'மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள்?' என்று கேட்காமல் ரசீதுகளைக் கேட்டு வாங்கியதுதான். சில சேமிப்புகளையும் செலவுகளையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள, அந்த ஆண்டுக்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தில் இடம் தந்தது 80சி பிரிவு. அதன்படி கழிவுக்கு உரியது கற்பிப்புக் கட்டணம் மட்டுமே. வளர்ச்சி நிதி, நன்கொடை, அவற்றைப் போன்ற வேறு தொகைகள் சேராது. வேன் கட்டணம், சீருடை, புத்தகம், விடுதி, மாலை நேர ட்யூஷன், நீட் பயிற்சி மையம் எதற்கும் இந்தப் பிரிவில் இடமில்லை. முழு நேரப் படிப்பாக இருக்க வேண்டும். கல்வி நிறுவனம் இந்தியாவில் இருக்க வேண்டும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே கோர முடியும். மழலையர் பள்ளிக் கட்டணமும் செல்லும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாததால் அந்த ரசீதுகள் குப்பைக்குப் போய்விடுகின்றன. அங்கிருந்த பெண் ஊழியர் ஒவ்வொரு ரசீதையும் வரிவரியாகப் படித்து, டேர்ம் ஃபீஸ், ஸ்பெஷல் ஃபீஸ் என்று மொட்டையாக எழுதப்பட்டிருந்த இடங்களைச் சுழித்து, பள்ளியிடமிருந்து தலைப்புவாரியாகப் பிரித்த சான்று வாங்கி வரச் சொன்னார். நாங்கள் கட்டிய 1,40,000 ரூபாயில் கழிவுக்குத் தகுந்தது 96,000 ரூபாய்தான் என்று அதன் பிறகே தெளிவாயிற்று.

கட்டிய தேதியையும் அவர் கவனித்தார். எந்தக் கல்வியாண்டுக்கான கட்டணம் என்பது இங்கே கணக்கில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்குள் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே கணக்கு. அடுத்த வகுப்புக்காக மார்ச் மாதத்திலேயே முன்பணமாகச் செலுத்திய கற்பிப்புக் கட்டணம், செலுத்திய ஆண்டிலேயே சேரும்.

அடுத்ததாக அவர்கள் போட்டுக் காட்டிய ஒப்பீட்டுக் கணக்குதான், கொடுத்த கட்டணத்துக்குத் தகுதியான வேலை. வரி விகிதம் குறைவாகவும் கழிவுகள் மிகச் சிலவாகவும் உள்ள புதிய வரி முறையில் 80சி கழிவே கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறையாகிவிட்டதால், பழைய முறை வேண்டுமென்றால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் ஆண்டுச் சம்பளம் 11 லட்சம் ரூபாய். பழைய முறையில் சம்பளதாரர் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு 50,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000. 80சியின் உச்சவரம்பான 1,50,000 ரூபாயில் பி.எஃப். 66,000, கடன் அசல் 36,000 போக, பள்ளிக் கட்டணத்துக்கு எஞ்சிய இடம் 48,000 மட்டுமே. அதையும் நிரப்பினால் செஸ் உட்பட வரி 49,400 ரூபாய்; நிரப்பாவிட்டால் 59,384. புதிய முறையிலோ 55,900. தொழில் வரி போன்ற சில்லறைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த முறை லாபம் என்பதையே என் விஷயத்தில் பள்ளி ரசீதுதான் தீர்மானித்தது. கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிவதே அன்றி வரியிலிருந்து அல்ல என்பதையும், 48,000 ரூபாய்க்கு எனக்கு மிஞ்சியது 9,984 ரூபாய்தான் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் சம்பளதாரர் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும், தாமதமானால் புதிய முறைதான் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

சம்பளத்தில் குழந்தைகள் கல்விப் படி என்று ஒன்று இருந்தால் பழைய முறையில் அதற்கும் தனி விலக்கு உண்டு: 2024-25இல் அது பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 ரூபாயாக இருந்தது, இரண்டு பிள்ளைகள் வரை. அந்தத் தொகையில் இன்று பள்ளி பெல்ட்டும் அடையாள அட்டையும் வாங்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். தகுதியான 96,000 ரூபாயில் எனக்குப் பயன்படாமல் போன மீதி 48,000 ரூபாய்தான் முதல் குறை. மனைவியும் வேலைக்குப் போகிறார், அவரும் பழைய முறையில் இருக்கிறார் என்றால், ஆளுக்கொரு பகுதியாகக் கட்டணத்தைச் செலுத்தி, அவரவர் செலுத்தியதை அவரவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகள் என்ற வரம்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிதான். ஆனால் பணத்தைச் செலுத்தியவரே கோர முடியும் என்பதால், இந்த ஆலோசனை ஏப்ரல், மே மாதங்களில் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கிடைத்தால்தான் உதவும். இந்த அலுவலகமோ, ஆண்டு முடிந்து, நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று கைக்கு வந்த பிறகு நாம் போய் நின்றால்தான் வாய் திறக்கிறது. பழைய வாடிக்கையாளர்களுக்கு மார்ச் மாதம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய வேலையல்ல. ஜனவரியில் நிறுவனங்கள் கழிவுகளை அறிவிக்கும் படிவத்துடன் ஆதாரங்களைக் கேட்கும்போதே இவர்கள் கைகொடுத்தால், அதிகமாகப் பிடிக்கப்பட்ட வரிக்காக ரீஃபண்டை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, வாடிக்கையாளர்களின் இ-ஃபைலிங் கடவுச்சொற்களை மேசைமீது கிடக்கும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது. வங்கிக் கணக்கு எண் முதல் ஆதார் வரை உள்ளே இருக்கும் ஒரு கணக்கின் சாவியை இப்படி வைத்திருப்பதை ஏற்க முடியாது. தாக்கல் முடிந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அங்கே போகும் எவரும் அதைச் செய்வது நல்லது. அதோடு, தாக்கலுக்குப் பிறகு 30 நாள்களுக்குள் செய்ய வேண்டிய மின்னணுச் சரிபார்ப்பை அவர்களாக நினைவூட்டுவதில்லை.

இருந்தும் இந்த அலுவலகத்தைப் பரிந்துரைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அவர்களின் கண்டிப்பு. ரசீது இல்லாத தொகையைச் சேர்க்க மறுக்கிறார்கள். போலிக் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்து வருமான வரித்துறை 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் தரகர் அல்லர், கணக்கின் சொந்தக்காரர்தான். என் கணக்குக்கு வாங்கிய 1,000 ரூபாயும் ரசீதோடுதான் வாங்கினார்கள்.

வியாபாரம் குறையும் என்று தெரிந்தும் அவர்கள் சொன்ன ஒரு செய்தி பலருக்கும் பயன்படும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. 75,000 ரூபாய் நிலைக் கழிவையும் சேர்த்தால் சம்பளதாரருக்கு 12,75,000 வரை பூஜ்யம். என் சம்பளத்தில் இருப்பவருக்குப் பழைய முறையை நாட வேண்டிய அவசியமே இராது, பள்ளி ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடனோ வீட்டு வாடகைப் படியோ கணிசமாக உள்ள பெற்றோர் இவர்களிடம் போகலாம். ஆனால் ஜூலையில் அல்ல, பள்ளியில் முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்பே.